தண்ணி குடிக்கப் போன டீச்சர்

எங்கள் பக்கத்தில் காலை வேளையில் சேலை உடுத்திக்கொண்டு பஸ் தரிப்பில் நிற்கும் பெண்ணுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. அவள் டீச்சர். அவள் கலியாண வீட்டுக்குப் போகிறவளாக இருக்கலாம், கோட்டில் வழக்குக்குப் போகிறவளாக இருக்கலாம். அதெல்லாம் அவளுடைய தனிப்பட்ட பிரச்சினை. மன்னாரில் விடியற்காலைச் சேலை என்றால் டீச்சர்தான். கொண்டக்டர் "டீச்சர், உள்ளுக்குப் போங்கோ" என்பார். மீன் கூடையோடு இருக்கிற அம்மா நகர்ந்து இடம் தருவார். இந்த எளிய உண்மையை நான் மதிக்காமல் விட்டதால் என் வாழ்க்கை எங்கே போய் நின்றது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள். கடைசி வருடத்தில் ஒரு மத்தியானம், பாடம் நடத்த மனமில்லாத எங்கள் விரிவுரையாளர், உங்களில் எத்தனை பேருக்குப் பாடசாலை ஆசிரியராக விருப்பம் என்று கேட்டார். ஒரு கைகூட எழும்பவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. அவர் சிரித்துவிட்டு, சரி, எத்தனை பேர் ஆசிரியராகத்தான் வரப்போகிறீர்கள் என்று கேட்டார். மண்டபம் முழுக்கக் கைகள் எழும்பின. என் கை மட்டும் மடியிலேயே இருந்தது. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்து, "நீ என்ன, மாவட்டத்தையே ஆளுற அரச அதிபராவோ வரப்போறாய்?" என்று கேட்டாள். நான் மகாராணி மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். (வெளியே ஒரு மாடு நின்றது. அதுவும் என்னைப் பார்த்தது.)

ஆசிரியத் தொழில் மேல் எனக்கு வஞ்சம் ஒன்றுமில்லை. எங்கள் குடும்பத்தில் பெரியம்மா டீச்சர், மாமிமார் டீச்சர், ஒன்றுவிட்ட அக்காமார் டீச்சர். செத்த வீட்டிலும் ஒரு மூலையில் இருந்து சிவப்புப் பேனாவால் கொப்பி திருத்துவார்கள். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் "விளங்கினதோ?" என்று கேட்பார்கள். பெரியம்மா ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்யப் போன இடத்தில் சுவாமியிடமே "விளங்கினதோ பாதர்?" என்று கேட்டவர். நானும் ஒருநாள் அப்படி ஆகிவிடுவேனோ என்ற பயம்தான் எனக்கு.

என் கனவு வேறு. சண்டை முடிந்து, சனங்கள் முகாம்களிலிருந்து ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. தொண்டு நிறுவனங்களின் வாகனங்கள் நீளமான ஏரியலை ஆட்டிக்கொண்டு எங்கள் தீவைத் தாண்டிப் பெருநிலப்பரப்புக்குப் போகும். உள்ளே என் வயதுப் பெண்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருப்பார்கள். எனக்கும் சனங்களுக்குச் சேவை செய்யவேண்டும் என்று பெரிய ஆசை. ஆனால் ஜன்னலை ஏற்றிவிட்டு, ஏசிக்குள் இருந்தபடி.

பட்டம் வாங்கியபின் ஒரு வருடத்துக்கும் மேலாக வீட்டில் இருந்தேன். அம்மா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தி, மகளுக்கு அரசாங்கத்தில் டீச்சர் வேலை கேட்டார். நான் அவர் பின்னால் நின்று, நிறுவன வேலை கேட்டு இன்னொரு மெழுகுதிரி கொளுத்தினேன். ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு திரியையும் பார்த்து அந்தோனியார் குழம்பிப் போயிருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவர் செய்த காரியத்துக்கு வேறு விளக்கமில்லை.

ஒருநாள் பூநகரியில் ஒரு நிறுவனம் கள உத்தியோகத்தர் வேலைக்கு இன்டர்வியூவுக்கு வரச் சொன்னது. நான் காற்சட்டையும் நீளச் சட்டையும் போட்டுக்கொண்டு போகத் தீர்மானித்தேன். அம்மா அலுமாரியைத் திறந்து, தன்னுடைய கடும்பச்சைச் சேலையை எடுத்து வைத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாதாடினோம். கடைசியில் அம்மா சொன்னார்: "எந்தப் பெரிய மனுசனுக்கு முன்னால போனாலும் சாறியோட போ. சாறி உடுத்த பிள்ளைக்கு ஆரும் இல்லையெண்டு சொல்ல மாட்டினம்."

அந்த வாக்கு எவ்வளவு பயங்கரமாகப் பலிக்கும் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

இன்டர்வியூ அன்று பஸ் மன்னார்ப் பாலம் கடந்ததும் இருந்த சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கிளறினார்கள். என் முறை வந்தபோது சிப்பாய் சேலையைப் பார்த்தான். "டீச்சர் நேத? ஹரி, யன்ன" என்று கையை அசைத்துப் போகச் சொன்னான். இல்லை, நான் டீச்சர் இல்லை என்று திருத்துகிற அளவுக்கு எனக்குச் சிங்களமும் தெரியாது, துணிவும் கிடையாது. பேசாமல் ஏறிவிட்டேன். நான் டீச்சர் இல்லை என்ற உண்மை அன்று முதல் தடவையாகக் கைநழுவிப் போனது அந்த இடத்தில்தான்.

அந்தக் காலத்து வடக்குக் கரையோர வீதியைப் பற்றிச் சொல்லவேண்டும். வீதி என்று ஒன்று இருந்தது, அதற்குள் நிறையக் குழிகள் இருந்தன என்று சொல்வதைவிட, குழிகள் இருந்தன, அவற்றுக்கிடையே ஆங்காங்கே வீதியும் இருந்தது என்று சொல்வதே நியாயம். இரண்டு பக்கமும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். செம்மண் புழுதி கண்ணாடி இல்லாத ஜன்னல்களால் உள்ளே வந்து எங்களோடு பயணம் செய்தது. நான் வாய்க்குள் ஆங்கிலத்தில் என்னை அறிமுகம் செய்து பழகிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கும்போதெல்லாம் புழுதி போனது. இலுப்பைக்கடவை வருவதற்குள் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிவிட்டது.

இலுப்பைக்கடவை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பஸ்ஸின் முன்பக்கத்தால் புகை வந்தது. ரேடியேற்றர் கொதித்துவிட்டது. றைவர் இறங்கி மூடியைத் துணியால் பிடித்துக்கொண்டு பேசாத பேச்சுப் பேசினார். கொண்டக்டர் ஒரு பிளாஸ்ரிக் கானை எடுத்துக்கொண்டு மதகுப் பக்கம் தண்ணீர் தேடிப் போனார். ஆறுதலாகத்தான் வெளிக்கிடும் என்றார்கள். வீதியிலிருந்து உள்ளே கொஞ்சம் தள்ளி, தகரக் கூரையும் தறப்பாளுமாக ஒரு நீளக் கொட்டில் தெரிந்தது. முன்னால் கொடிக்கம்பம். பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் கட்டாயம் தண்ணீர் இருக்கும். என் சான்றிதழ்ப் பைலை பஸ் இருக்கையில் வைத்துவிட்டு (இடம் பிடிக்கத்தான், எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள்), சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன்.

வாசலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. ஏதோ விசேஷம் போலிருக்கிறது, நல்ல நாளில்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் உள்ளே ஒரு சலசலப்பு. சின்னப் பிள்ளைகள் எல்லோரும் எழும்பி வரவேற்புப் பாட்டைத் தொடங்கினார்கள். வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வேட்டி தடுக்க ஓடிவந்தார். அவர் அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர் கனகலிங்கம் சேர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

"வாங்கோ டீச்சர், வாங்கோ. வெள்ளெனவே வந்திட்டீங்கள்."

நான் கும்பிட்டுவிட்டு, "சேர், நான் வந்து..." என்று தொடங்கினேன்.

"நீங்கள் வந்ததே காணும் டீச்சர்" என்றார்.

அதற்குள் ஒரு பெண் பிள்ளை செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் கலந்து கட்டிய மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டது. என் சிலுவைச் சங்கிலி மாலைக்குள் காணாமல் போனது. ஒரு தாய் நெற்றியில் சந்தனம் வைத்தார். நான் தண்ணீர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய்க்குள் கற்கண்டைப் போட்டார்கள். என்னைக் கூட்டிப்போய் ஒரு கதிரையில் இருத்தினார்கள். எனக்கு நேர் முன்னால், மேசையில், ஒரு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனால் அதன்மேல் மாவிலையும் தேங்காயும் இருந்தன. நிறைகுடத்திலிருந்து தேங்காயை எடுத்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்த விருந்தாளியைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. அந்த ஒரு குறையும் வேண்டாம் என்று அடக்கமாக இருந்தேன்.

விசயம் என்னவென்றால், அந்த ஊர்ச் சனங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு ஆள் இல்லை. அனுப்பப்பட்டவர்கள் வருவார்கள், வீதியையும் பலகைகளையும் கொட்டிலையும் பார்ப்பார்கள், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். அன்று புதிய கணித டீச்சர் ஒருவர் வருவதாகத் தகவல். வந்த உடனேயே மாலையைப் போட்டுவிடவேண்டும் என்பது பெற்றோரின் ஏகமனதான முடிவு. மாலை போட்டபின் ஓடுவதற்கு ஒரு மனுசிக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரும்தானே. கன்றுக்குக் கயிறு போடுவது போன்ற ஏற்பாடு. கன்று மாறிப்போனது அவர்களுடைய பிழை இல்லை.

பேசாமல் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். நான் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கொட்டிலின் அரைச்சுவருக்கு அப்பால் தாய்மாரும் தகப்பன்மாரும் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வயலிலிருந்து நேரே வந்திருந்தார்கள். காலில் சேறு காயவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் எழும்பி, நான் அவள் இல்லை என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சத்தில் ஒரு இடைவெளி கிடைக்கும், அதிபரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். (என் கணக்குகளின் தரம் இன்னும் சிறிது நேரத்தில் எல்லோருக்கும் தெரியவரும்.)

இடைவெளிக்குப் பதிலாக, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு அன்று பாடமாக இருந்தது ஒரே ஒரு பேச்சுத்தான். பஸ்ஸில் வழிநெடுகப் பழகிய இன்டர்வியூப் பதில்களைத் தமிழாக்கிச் சொல்லத் தொடங்கினேன். எவ்வளவு அழுத்தம் வந்தாலும் தாங்கிக்கொண்டு வேலை செய்வேன் என்றேன். மற்றவர்களோடு இணைந்து பணியாற்றுவது எனக்குப் பிடிக்கும் என்றேன். கந்தோருக்குள் முடங்கியிருக்க விருப்பமில்லை, எந்த நேரமும் களத்தில் இறங்கி வேலை செய்யத் தயார் என்று முடித்தேன். அரைச்சுவருக்கு அப்பால் நின்ற ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "களத்தில நெல்லுச் சூடடிக்கவும் வருவா போல கிடக்கு."

பலத்த கைதட்டல்.

பிறகு அதிபர், வகுப்பை ஒருக்கால் பாருங்கோ டீச்சர், பிள்ளைகள் கணக்கைக் கண்டு கனகாலம் என்றார். ஏழாம், எட்டாம், ஒன்பதாம் ஆண்டு எல்லாம் ஒரே இடத்தில், வாங்குகளில் நெருக்கி அடித்துக்கொண்டு இருந்தார்கள். என் கையில் ஒரு வெண்கட்டியைத் தந்தார். பெற்றோர் இன்னும் போகவில்லை. நன்றாகப் பார்ப்பதற்கு வசதியாக இடம் மாறி நின்றார்கள்.

ஒரு தகவலை இந்த இடத்தில் சொல்லவேண்டியிருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் எனக்கு மூன்றாம் முறைதான் சித்தியானது. அதுவும் திருத்தியவர் என்மேல் இரங்கியிருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டாரின் நம்பிக்கை.

முன்வாங்கில் இருந்த பிள்ளையின் புத்தகத்தைத் திறந்தேன். பின்னங்கள். கரும்பலகையில் அழகான எழுத்தில் இரண்டில் ஒன்று என்று எழுதி, சக அடையாளம் போட்டு, மூன்றில் ஒன்று என்று எழுதினேன். (என் எழுத்து நல்ல வடிவு. அது என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. அன்று காப்பாற்றவில்லை.) பிறகு மேலே இருந்ததை மேலே இருந்ததோடும், கீழே இருந்ததைக் கீழே இருந்ததோடும் கூட்டினேன். இனசனம் இனசனத்தோடு சேருவதுதானே உலக வழக்கம். விடை, ஐந்தில் இரண்டு. கீழே இரட்டைக் கோடும் போட்டேன்.

பிள்ளைகள் பயபக்தியோடு எழுதினார்கள். ஒரு தகப்பன், இவ்வளவு காலமும் கணக்கைக் கஷ்டம் கஷ்டம் என்று சொன்னார்களே, டீச்சர் விளங்கப்படுத்தினால் லேசாகத்தானே இருக்கிறது என்று வியந்தார். நான் தன்னடக்கத்தோடு புன்னகைத்தேன்.

இரண்டாம் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பியது. இரட்டைப் பின்னல், பெரிய கண்கள். பெயர் சுகந்தி என்று பக்கத்துப் பிள்ளை சொல்லித் தந்தது. அவள் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"டீச்சர், எங்களிட்ட பாதி மூட்டை நெல்லு இருக்கெண்டு வையுங்கோ. அப்பா இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து அதுக்குள்ள கொட்டுறார். அப்ப பாதியவிடக் கூடத்தானே வரவேணும்? இது குறைஞ்செல்லோ போச்சுது."

நான் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தேன். கரும்பலகை என்னைப் பார்த்தது. ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவு. கொட்டக் கொட்ட நெல் குறைகிறது. பதினோரு வருடக் கணக்குப் படிப்பிலும் மூன்று பரீட்சையிலும் எனக்கு ஒருபோதும் தோன்றாத ஒன்றை அந்தப் பிள்ளை ஒரு மூட்டையை வைத்துக் கேட்டுவிட்டாள். வியர்வையில் சந்தனம் கரைந்து மூக்கில் இறங்கியது. உலகத்து டீச்சர்மார் எல்லோரும் ஆபத்துக்கு வைத்திருக்கும் வசனம், யாரும் சொல்லித்தராமலே என் வாயில் வந்தது.

"நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்லுறன்."

சுகந்தி இருக்கவில்லை. "நாளைக்கும் வருவீங்களோ டீச்சர்?" என்று கேட்டாள்.

எழுதிக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. அரைச்சுவர்ப் பக்கம் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவள் என்னை மடக்கக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வந்தவர்கள் எல்லோரும் ஒரு நாள்தான் வந்தவர்கள்.

அப்போது வீதியில் பஸ் ஹோர்ன் அடித்தது. நீளமாக ஒரு முறை, பிறகு கோபமாக ஒரு முறை. நான் அசையவில்லை. கழுத்தில் மாலையும் கையில் வெண்கட்டியுமாக, பஸ் இரைந்துகொண்டு போகிற சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். உள்ளே என் பட்டம், என் சான்றிதழ்கள், என் ஏசி. பஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டது. நான் இன்னும் குடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி. தலையிலிருந்து கால்வரை செம்மண். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அதிபரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மாலையோடு நிற்கும் என்னைக் கண்டு நிறுத்திவிட்டார். இவ ஆர் என்று கேட்டார். அதிபர் பெருமையோடு, நீங்கள் அனுப்பின கணக்கு டீச்சர்தான் என்றார்.

"நாங்கள் அனுப்பின டீச்சர் இஞ்ச வர ஏலாதெண்டு எழுதித் தந்திட்டா, சேர். அதைச் சொல்லத்தான் இந்தப் புழுதிக்குள்ளால வந்தனான்."

பள்ளிக்கூடம், ஊர், வயல், எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தன. அந்த நேரத்தில் ஒரு பட்டதாரிக்கு எவ்வளவோ நல்ல வார்த்தைகள் வந்திருக்கலாம். எனக்கு வந்தது இதுதான்:

"நான் தண்ணி குடிக்க வந்தனான்."

பூமி பிளந்தால் நல்லது என்று நினைத்தேன். மிதிவெடிப் பலகைகள் ஞாபகம் வர அந்த வேண்டுதலை உடனே திருப்பி எடுத்தேன். மாலையைக் கழற்றப் பார்த்தேன். அது சேலையில் குத்தியிருந்த ஊசியில் சிக்கிக்கொண்டது. கனகலிங்கம் சேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, பிறகு தண்ணி குடிச்சீங்களோ?"

"இல்லை, சேர்."

முதலில் சிரித்தவர் அந்த அதிகாரிதான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த சிரிப்பு. பிறகு தாய்மார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். பிறகு பொத்தவில்லை. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு வந்த தண்ணீருக்குக் கணக்கில்லை. செம்பில் ஒருவர், பேணியில் ஒருவர், இளநீர் வெட்டிக்கொண்டு இன்னொருவர். எவ்வளவு மறுத்தும் விடவில்லை. பாவம், வந்த பிள்ளையை இப்படிக் காயவிட்டோமே என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார்கள். ஏமாந்தவர்கள் அவர்கள், மன்னிப்புக் கேட்டவர்களும் அவர்கள்.

சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, கொப்பியில் எழுதிய ஐந்தில் இரண்டை அழிறப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். தாள் கிழியாமல், கவனமாக.

பின்னேரம் அதே பஸ் திரும்பி வந்தது. கொண்டக்டர் என் பைலைப் பத்திரமாக எடுத்து நீட்டி, "பள்ளிக்கூடம் விட்டிட்டுதோ டீச்சர்?" என்றார். நான் ஓம் என்றேன். அவரோடு வாதாட என்னிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றார். சந்தனப் பொட்டோடும் மாலையின் மிச்சத்தோடும் வந்து இறங்கிய மகளைப் பார்த்து, அவருக்கு முதலில் வந்த சந்தேகம், நான் யாரையோ பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்துவிட்டேன் என்பதுதான். நடந்ததைச் சொன்னேன். நிறுவன வேலை போய்விட்டதே என்று நான் அழுதேன். அம்மாவும் அழுதார், ஆனால் அவருக்கு அது சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். சுகந்தி கேட்டதைச் சொன்னபோது மட்டும் சிரிப்பை நிறுத்தினார். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, பஸ் போய்விட்டது என்றேன். அம்மா எழும்பிப் போய், அலுமாரியிலிருந்து இன்னொரு சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஏழாம் ஆண்டுக் கணிதப் புத்தகத்தை இரவல் வாங்கி, பின்னங்களை இரவு முழுக்கப் படித்தேன். மூன்று பரீட்சைக்கும் சேர்த்துக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

மறுநாள் காலை நான் பஸ்ஸால் இறங்கி அந்த வாசலுக்கு வந்தபோது தோரணம் வாடியிருந்தது. கனகலிங்கம் சேர் என்னைக் கண்டு குழம்பினார். ஏதாவது விட்டிட்டுப் போயிட்டீங்களோ பிள்ளை என்று கேட்டார்.

"இல்லை சேர். ஒரு கணக்கைப் பிழையாச் செய்துபோட்டன். அதைத் திருத்த வந்தனான்."

கரும்பலகையில் பெரிய நெல் மூட்டை ஒன்றைக் கீறினேன். அதை ஆறு பங்காகப் பிரித்தேன். பாதி என்றால் மூன்று பங்கு, மூன்றில் ஒன்று என்றால் இரண்டு பங்கு. சுகந்தி மூட்டையை எண்ணிப் பார்த்து, "அப்ப ஆறில அஞ்சு" என்றாள். பிறகு, ஒரு பரீட்சகர் மாதிரித் தலையை ஆட்டி, "இப்ப சரி டீச்சர்" என்றாள்.

அவள் சொன்ன அந்த டீச்சர் என்ற சொல்லை நான் மறுக்கவில்லை.

ஒரு கணக்கைத் திருத்தப் போனவள் அந்த வருடம் முழுக்கப் போனேன், நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியையாக. பிள்ளைகளைவிட ஒரு பாடம் மட்டும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். சில நாட்களில் சுகந்தி என்னை முந்திவிடுவாள். மழைக்குத் தறப்பாள் ஒழுகும். கொப்பிகளை வாங்கு அடியில் ஒளித்துவிட்டு வாய்ப்பாடு சொல்லுவோம். அறுவடைக் காலத்தில் உண்மையாகவே சூடடிக்க என்னைக் களத்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன். அந்தப் பெரியவருக்கு மெத்தச் சந்தோஷம்.

பிறகு பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை வந்தது. என்னோடு படித்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஆசிரியராக வர ஏன் விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு எல்லோரும் சேவை, அர்ப்பணிப்பு என்று பாடமாக்கி வைத்திருந்தார்கள். நானும்தான். உள்ளே போனால் நடுக் கதிரையில் அந்த மோட்டார் சைக்கிள் அதிகாரி இருக்கிறார். என்னைப் பார்த்ததும் கேள்வியைக் கேட்கவில்லை. மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, எந்தப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

நினைத்துப் பார்த்தால் நான் நன்றி சொல்லவேண்டியவர்கள் நிறையப் பேர். கொதித்த ரேடியேற்றருக்கு, அம்மாவின் பச்சைச் சேலைக்கு, கோபிக்காமல் தண்ணீர் தந்த அந்த ஊருக்கு. வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த அந்த முகம் தெரியாத டீச்சருக்கும்தான். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வீதியில், அந்த நாட்களில், வேண்டுமென்று யார் வந்தார்கள்? நானே வேண்டுமென்று வரவில்லை. சுகந்தி இப்போது பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறாள். டீச்சராக வருவாயா என்று போனமுறை கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், இல்லை டீச்சர், பாங்கில் வேலை செய்யப் போகிறேன் என்றாள். நான் சிரித்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் தண்ணி குடிக்கப் போவது என்றால் இப்போது அர்த்தமே வேறு. இந்தா வாறன் என்று சொல்லிவிட்டுப் போய், திரும்பி வர நேரமாகிற எந்தக் காரியத்துக்கும் அதுதான் பெயர். கலியாணம் முடித்த புதிதில் என் கணவர் ஒருநாள் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு உடனே வந்துவிடுவதாகச் சொல்லி வெளிக்கிட்டார். அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "தண்ணி குடிக்கவோ போறீங்கள், தம்பி? அப்ப நில்லுங்கோ, சோத்தையும் கட்டித் தாறன்" என்றார். மனிதர் ஒன்றும் விளங்காமல் வாசலில் நின்றார்.

இப்போதெல்லாம் சோற்றுப் பார்சல் கைக்கு வரும்வரை அவர் சைக்கிளில் ஏறுவதில்லை.